வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம்

ஏழு மாதமாக அந்தச் சைக்கிள் துணி காயப்போடத்தான் இருந்தது. ஹேண்டில்பாரில் புருஷன் அமலதாஸின் துண்டு, கேரியரில் பாவாடை, சீட்டின் மேல் எப்போதும் ஏதாவது ஒரு ஈரம். பனிமயம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வண்டியை வாசலுக்கு இறக்கியபோது, சவரம் செய்துகொண்டிருந்த அமலதாஸ் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "பூசைக்குப் போக சைக்கிள் எதுக்கு?" என்றான். "பூசைக்கு இல்ல." "பின்ன?" "இசக்கியக்காவப் பாக்க." ரேசர் கன்னத்திலேயே நின்றது. பிறகு, "பஸ்ஸுல போயேன்" என்றான். பஸ்ஸில் போகலாம்தான். பனையடியூருக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் முதல் பஸ், ஆனால் காரணம் அது இல்லை. பஸ் ஓடைப்பாலத்தை அரை நொடியில் தாண்டிவிடும். ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டால் அந்த அரை நொடியும் இல்லை. விபத்துக்குப் பிறகு கம்பெனி விட்ட வேனில் ஏழு மாதமாக அப்படித்தான் தினமும் தாண்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணைத் திறக்கும்போது உப்பு மில் வந்திருக்கும், பாலம் என்று ஒன்று அந்த ரோட்டில் இல்லாத மாதிரி. அப்படிப் போய் இசக்கியக்கா முன்னால் நின்று என்ன சொல்ல முடியும்? இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "காத்தடிச்சுத் தாங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் பாதிச் சவரத்தோடு, ஒரு கன்னம் நுரையாக, பம்பை எடுத்து வந்து இரண்டு டயருக்கும் காற்றடித்தான். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். "ஓரமாப் போ. லாரி வந்தா இறங்கிரு" என்றான். பிறகு உள்ளே போகாமல் அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அங்கேயே நின்றான் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகியிருந்தாள், கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி ஒரு ஊக்கு. அது இசக்கியக்கா சொல்லிக் கொடுத்தது. சேலை சக்கரத்தில் மாட்டி விழுந்தவர்களின் பட்டியல் ஒன்று அவளிடம் இருந்தது, பேரும் ஊரும் சேர்த்து. இசக்கியம்மாள் பனிமயத்தைவிட ஆறு வயது மூத்தவள், அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவள், மில்லில் உப்புப் பாக்கெட் ஒட்டும் மெஷினில் அவளுக்குப் பக்கத்து ஆள். பதினொரு வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள், வந்தார்கள். ஒன்றாக என்றால் முன்னும் பின்னுமாக. ஒருநாளும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ரோட்டின் ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம், ஒரு முழ அகலம், அதுதான் நம்ம சொத்து என்பாள் இசக்கியக்கா. அதற்கு அந்தப் பக்கம் உள்ளது லாரிக்காரனுக்கு. நம்ம பக்கத்தில் மணல் கிடக்கும், கண்ணாடிச்சில் கிடக்கும், செத்த நாய் கிடக்கும், எல்லாத்தையும் பார்த்துப் போகணும், ஆனா கோட்டைத் தாண்டணும்னா முதலில் காது கொடுத்துக் கேக்கணும். லாரியை ஒட்டி நிற்கும்போது அதன் கண்ணாடியைப் பார், டிரைவர் முகம் உனக்குத் தெரிஞ்சாத்தான் அவனுக்கு நீ தெரிவ. ஒரு தடவை மில்லில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று ஒரு போலீஸ்காரர் வந்து முக்கால் மணி நேரம் பேசி, சைக்கிளில் வருகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார், வெளிச்சம் பட்டால் மினுங்குகிற ஸ்டிக்கர். மற்ற எல்லோர் வீட்டிலும் அது பீரோவில், பாத்ரூம் கதவில், பிள்ளைகளின் ஸ்கூல் பெட்டியில் ஒட்டியிருந்தது. இசக்கியக்கா மட்டும் மட்கார்டில் ஒட்டினாள், ஒட்டி, பின்னாலிருந்து தெரிகிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பனிமயமும் சிரித்தாள். அவ்வளவு கவனமானவள். எந்தத் தப்பும் செய்யாதவள். அவளுக்குத்தான். இப்படி நினைக்கும்போதெல்லாம் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி அந்த இடத்திலேயே நின்றுவிடும், இழுத்தால் கிழியும். அவளுக்குத்தான் என்பதற்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது. அதைப் பனிமயம் யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் முடிந்து உப்பளத்து ரோடு தொடங்குகிற இடத்தில் முதல் லாரி வந்தது. வருவதற்கு முன்பே காது அதைக் கேட்டுவிட்டது, காதுக்கு முன்பே முதுகு. முதுகெலும்பின் நடுவில் ஒரு குளிர்ச்சி, யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி. அமலதாஸ் சொன்னது சரியாகப் போயிற்று, அவள் இறங்கிவிட்டாள். இறங்கி, வண்டியை மணலுக்குள் தள்ளி, இன்னும் தள்ளி, உடைமரத்தின் முள் தோளில் குத்துகிறவரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். லாரி போனது. அது ஒன்றும் வேகமாகப் போகவில்லை, சாதாரண உப்பு லாரி, பின்னால் ஈர உப்பு சொட்டச் சொட்டப் போனது. அது எழுப்பிய காற்று சேலையை ஒருமுறை இழுத்துவிட்டுப் போயிற்று. அவள் கண்ணைத் திறந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, பஞ்சரா?" என்று கத்தினார். "இல்லய்யா, சும்மா" என்று கத்தினாள். சும்மா முள்மரத்துக்குள் போய் நிற்கிறவளை அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இப்படியே ஒவ்வொரு லாரிக்கும் இறங்கி நின்றால் பனையடியூருக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிடும். ஆனால் ஆகட்டும். போய்ச் சேருவதற்கு அவசரம் என்று எதுவும் இல்லை என்று மனத்தின் ஒரு பாதி சொன்னது, போகாமலே இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை, பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, திரும்பினால் காணிக்கை எடுப்பதற்குள் மாதா கோயிலில் போய் நிற்கலாம். மற்றப் பாதி பெடலை மிதித்தது.

கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் பாத்திகள் வந்துவிட்டன. காலை ஏழு மணிக்கு உப்பளத்தில் நிலம் என்று ஒன்று கிடையாது. பாத்திக்குள் தண்ணீர் அசையாமல் கிடக்கும், தண்ணீருக்குள் வானம் கிடக்கும், மேகம் ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே போகும், நடுவில் இந்த ரோடு மட்டும் கறுப்பாக ஒரு நாடா மாதிரி எதிலும் ஒட்டாமல் நீளும். தூரத்தில் உப்பு அம்பாரங்கள், ஓலை போட்டு மூடினவை சில, மூடாதவை சில, மூடாதவற்றின் மேல் வெயில் விழுந்து கண் கூசியது. பூநாரைகள் ஒரு கூட்டமாக நின்றன, ஒவ்வொன்றும் தன் நிழலின் மேல் தானே நின்றது. காற்று இல்லை. மிதிக்கிறோம் என்பதே மறந்துபோய், கால் தானாகச் சுற்றி, சங்கிலி கிர்கிர் என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே வந்தது, அதோடு சேர்ந்து இன்னொரு கிர்கிர். இரண்டு சைக்கிள் தூரம் பின்னால். பனிமயம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது அந்தப் பழைய வண்டியின் சத்தம், செயின் கவர் தளர்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டுகிற சத்தம், கிர்கிர் டக், கிர்கிர் டக். பதினொரு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அது பின்னால் இருக்கிறவரைக்கும் இந்த ரோட்டில் பயம் என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை, ஏனென்றால் பயப்படுகிற வேலையை எல்லாம் பின்னால் வருகிறவள் பார்த்துக்கொள்வாள். லாரி வருது, ஒதுங்கு. முன்னால குழி, பாத்துப் போ. அந்தக் குரலை நம்பி இவள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டு போவாள். திரும்பிப் பார்க்கலாமா? திரும்பினால் ஹேண்டில் வளையும், ஹேண்டில் வளைந்தால் வண்டி கோட்டைத் தாண்டும். திரும்பாமல் காது கொடுத்துக் கேட்டாள். பின்னால் ஒன்றும் இல்லை. அவளுடைய செயின் கவர்தான், ஏழு மாதம் கிடந்ததில் தளர்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனாள். மூன்றாம் நாள். இடுப்பிலும் இடது தொடையிலும் கம்பி வைத்திருந்தார்கள். வார்டு வாசலில் நின்று பார்த்தபோது இசக்கியக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, அப்படி அவளைப் பார்த்ததே இல்லை. தூங்குறாங்க என்று நர்ஸ் சொன்னாள். தூங்கட்டும் என்று பனிமயம் சொன்னாள், ஆரஞ்சுப் பையை நர்ஸ் கையில் கொடுத்தாள், படி இறங்கினாள். இறங்கும்போது மனசுக்குள் வந்தது என்ன? நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் முகம் காந்துகிறது. அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தாள். அடுத்த வாரம் அமலதாஸுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் என்னவோ. ஒரு மாதம் போகாதவள் ஒன்றரை மாதம் கழித்து எந்த முகத்தோடு போவாள்? அதற்குள் இசக்கியக்காவின் தம்பி வந்து வீட்டைக் காலி பண்ணி, சாமானை ஒரு மினி லாரியில் ஏற்றி, அக்காவைப் பனையடியூருக்குக் கூட்டிப் போய்விட்டான். மினி லாரி தெருவைத் தாண்டும்போது பனிமயம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். போலீஸ் கேட்டபோது, லாரி ஒட்டி வந்துச்சு சார் என்றாள். அது உண்மை. ஒட்டித்தான் வந்தது. வேற ஏதாவது பாத்தீங்களா என்று கேட்டார்கள். இல்ல சார். அதுவும் உண்மை, அவள் ஒன்றும் பார்க்கவில்லை, அவள் முன்னால் போனவள். என்ன பேசினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? நேற்று மில்லில் இசக்கியக்காவின் மெஷினில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் நாற்காலியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இங்க இதுக்கு முன்ன யாரு யக்கா இருந்தா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் பனிமயம் சொன்னாள், "ஒருத்தி இருந்தா. வேலைய விட்டுட்டுப் போயிட்டா." ஒருத்தி. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும், பக்கத்தில் உப்பு கொட்டிக்கொண்டிருந்த சரசு நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். மத்தியானம் சோறு இறங்கவில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை. ஒருத்தி, ஒருத்தி என்று ஃபேன் சுற்றியது.

பாலம் தூரத்திலேயே தெரிந்தது. பெரிய பாலம் ஒன்றும் இல்லை. கீழே கடல்தண்ணீர் வந்து போகிற ஒரு ஓடை, மேலே இருபதடி நீளம், இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சுவர், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. சுவர் ரோட்டை நெருக்கிக்கொண்டு நிற்பதால் அங்கே மட்டும் வெள்ளைக் கோடு கிடையாது. கோடு சுவரில் போய் முட்டிக் காணாமல் போகும், அந்தப் பக்கம் போய் மறுபடி தொடங்கும். பாலத்துக்கு முன்னால் பேச்சை நிறுத்தணும், காலை ஊன்றணும், பின்னால் ஒன்றும் வரவில்லை என்றால் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போகணும், இது இசக்கியக்காவின் சட்டம். விபத்து நடந்த அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கடல்காற்று பேயாக அடித்தது. பனிமயம் முன்னால் போய்க்கொண்டே அமலதாஸ் கல்யாணத்துக்குப் போவதற்காகத் தலைக்கு மை அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், மை நெற்றியில் இறங்கி, காதில் இறங்கி, தலையணை உறை எல்லாம் கறுப்பாகி, கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் அவனிடம் ஏதோ கேட்ட கதை. கதையின் நல்ல இடம் வரும்போது பாலமும் வந்தது. பின்னாலிருந்து, "என்னட்டி சொல்லுத? காத்துல ஒண்ணும் கேக்கலை" என்று சத்தம். காத்திருந்திருக்கலாம். பாலம் தாண்டிச் சொல்லியிருக்கலாம். இருபதடி. "பக்கத்துல வாங்க யக்கா, சிரிச்சுச் சாவீங்க" என்று பனிமயம் கூப்பிட்டாள். அப்படித்தான் சொன்னாளா, சாவீங்க என்றா? சில நாள் நினைவில் அது வெறும் வாங்க யக்கா. சில நாள் வாங்களேன். ஏழு மாதம் புரட்டிப் புரட்டி வார்த்தை தேய்ந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டாள். பதினொரு வருஷம் கோட்டைத் தாண்டாதவள் வந்தாள். வலது கை முட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய முன்சக்கரம் தெரிந்தது, கதை என்னவென்று தெரியாமலே சிரிக்கத் தொடங்கியிருந்த முகம் ஒரு ஓரம் தெரிந்தது, பிறகு ஹார்ன். பனிமயம் சுவரோரம் நெருக்கி முன்னால் போய்விட்டாள். பிரேக் பிடித்தபோது பாலத்தின் மறுபக்கத்தில் நின்றாள்.

இப்போது இந்தப் பக்கத்தில் நின்றாள். கோடு முடிகிற இடத்தில் ஒரு காலை ஊன்றி. பின்னால் ஒரு லாரி வந்தது, சத்தம் பெரிதாகி முதுகின் குளிர்ச்சி கழுத்துவரை ஏறியது, மணலுக்குள் இறங்கலாம் என்றால் இங்கே மணல் இல்லை, சரிவுதான், கீழே ஓடை. ஆகவே நின்றாள். தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். லாரியின் கண்ணாடி, அதற்குள் ஒரு முகம், மீசை, நெற்றியில் சந்தனம், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தவன் மெல்லுவதை நிறுத்தினான். அவனுக்கு நான் தெரிகிறேன் என்று நினைத்தாள். இத்தனை பெரிய வண்டிக்குள் இருக்கிற அந்தச் சின்ன முகத்துக்கு நான் தெரிகிறேன். அவள் போ என்று கை காட்டினாள். அவன் நீ போ என்று கை காட்டினான். அவள் மறுபடி காட்டினாள், அவன் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "போங்கக்கா, நான் நிக்கேன்" என்றான். லாரி நின்றேவிட்டது. இஞ்சின் அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய மாடு மூச்சுவிடுகிற மாதிரி மூச்சுவிட்டது, அந்தச் சூடு காலில் பட்டது. மிதித்தாள். ஹேண்டில் ஆடியது, இருபதடி நீண்டு நீண்டு உப்பளம் முழுக்க நீண்ட மாதிரி இருந்தது. குனிந்து ரோட்டைப் பார்த்தாள், ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. தார்தான் இருந்தது. கொஞ்சம் உப்பு சிந்திக் கிடந்தது. சுவரின் மேல் ஒரு காக்கா உட்கார்ந்து அவளைப் பார்த்தது. வெள்ளைக் கோடு மறுபடி தொடங்கியதும் அதற்கு இடப்பக்கமாக இறங்கி நின்றாள். லாரி வலப்பக்கம் நன்றாக ஒதுங்கித் தாண்டிப் போயிற்று, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவனுக்கு அது ஒன்றும் இல்லை. அவள் ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது, பூநாரைகள் வேறு பாத்திக்கு மாறியிருந்தன.

மில் பூட்டியிருந்தது. அதைத் தாண்டி மூன்று கிலோமீட்டர், அந்த மூன்றும் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பனையடியூர் மெயின் ரோட்டிலிருந்து ஐம்பது எட்டு வைக்கிற தூரம் உள்ளே. முதல் வீட்டிலேயே, தகரக் கூரையின் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் இசக்கியம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். வகிடு முழுக்க நரைத்திருந்தது. சைக்கிள் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், முகத்தில் எதுவும் மாறவில்லை. மறுபடி கீரைக்குள் குனிந்துகொண்டாள். பனிமயம் ஸ்டாண்டு போட்டாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "சைக்கிள்லயா வந்த?" என்றாள் இசக்கியம்மாள், நிமிராமல். "ஆமா யக்கா." "பாலத்து வழியாவா?" "வேற வழி ஏது?" "ம்." ஒரு கொத்து முடிந்து இன்னொரு கொத்தை எடுத்தாள். உள்ளே தம்பி பெண்டாட்டி மிக்ஸி போடுகிற சத்தம் கேட்டது, அது நிற்கட்டும் என்று பனிமயம் காத்திருந்தாள், அது நின்றதும் இன்னும் பயமாக இருந்தது. "யக்கா, அன்னைக்கு நான்தான் கூப்பிட்டேன்" என்றாள். "பக்கத்துல வாங்கன்னு. நான் கூப்பிடலன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க. யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்கிட்டயும் சொல்லல."

"தெரியும்" என்றாள் இசக்கியம்மாள்.

"தெரியுமா?"

"நீ கூப்பிட்டத நான் கேக்காமலா வந்தேன்? இடுப்புதானட்டி உடஞ்சுது, காதா போச்சு?" கீரைக்காம்பை ஒடித்துத் தூரப் போட்டாள். "ஒரு மாசம் உன்ன அப்படிக் கருவுனேன். படுத்த படுக்கையா ஒன்னுக்குப் போறப்பல்லாம் உன்னத்தான் வஞ்சேன். பொறவு என்னையே கேட்டேன், அவ கூப்பிட்டா சரி, நீ ஏன்ட்டி போன? உனக்குப் புத்தி எங்க போச்சு? எத்தன பேருக்குப் புத்தி சொன்ன? எனக்கு அன்னைக்குச் சிரிக்கணும் போல இருந்துச்சு, போனேன். அவ்வளவுதான். அத ஆஸ்பத்திரிலயே நினைச்சு முடிச்சாச்சு." அவள் இப்போதுதான் பனிமயத்தின் முகத்தைப் பார்த்தாள். "லாரிக்காரன் இடிச்சது ஒருநாளு. நீ வராம இருந்தது எத்தன நாளுன்னு உனக்குத் தெரியுமா? இந்த நாக்காலியில உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்கேன். பஸ்ஸு போகும் வரும், வேனுல மில்லு வரைக்கும் வாரவளுக்கு இங்குன வர முடியல. என் தம்பி பொண்டாட்டிகூட என்ன பேச்சு பேச? அவளுக்கு டிவிதான்."

பனிமயம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்பு கேட்க வந்த வார்த்தைகள் ஒன்பது கிலோமீட்டர் மிதித்ததில் எங்கோ உதிர்ந்திருந்தன. "பயமா இருந்துச்சு யக்கா" என்றாள். அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இசக்கியம்மாள் கீரைத் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். இரண்டு பேரும் ஆய்ந்தார்கள். கீரை முடிந்ததும் இசக்கியம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள், எழும்போது முகம் ஒருமுறை சுளித்து நேரானது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், நாலு கால் கம்பி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் போக அவளுக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளை ஒரு பார்வை பார்த்தாள். கிட்டே வந்து அதன் இடப்பக்கம் நின்று, வலது கையால் ஹேண்டிலைப் பிடித்து, கனம் கொடுத்துப் பார்த்தாள். "நீ அந்தப் பக்கம் பிடி" என்றாள். "சாயாமப் பிடி."

அப்படி நடந்தார்கள். சைக்கிள் நடுவில். பத்து எட்டுக்கு ஒருமுறை நின்று, மறுபடி நடந்து, ஐம்பது எட்டும் கடந்து மெயின் ரோட்டில் வந்து, வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கமாகத் திரும்பினார்கள். இசக்கியம்மாள் ஓரத்தில், பனிமயம் ரோட்டுப் பக்கத்தில். சரசு எப்படி இருக்கா, புது சூப்பர்வைசர் எப்படி, மெஷினில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று இசக்கியம்மாள் கேட்டாள். "ஒரு பிள்ள வந்திருக்கு. இது யாரு இடம்னு நாளைக்கு அதுகிட்ட சொல்லணும்" என்றாள் பனிமயம். லாரிகள் போயின. ஒவ்வொரு லாரிக்கும் ஹேண்டிலில் இசக்கியம்மாளின் பிடி இறுகுவது இந்தப் பக்கத்துப் பிடியில் தெரிந்தது, தன்னுடையதும் அவளுக்குத் தெரியும். மூடிக் கிடந்த பெட்டிக்கடை வரைக்கும் போனார்கள். அங்கே திரும்பவேண்டும். அப்படியே திரும்பினால் இசக்கியம்மாள் ரோட்டுப் பக்கம் வந்துவிடுவாள். "பக்கம் மாறிக்கிடுவோம் யக்கா" என்றாள் பனிமயம். "முடியாதுட்டி, எடது காலுல்லா போச்சு, வண்டி வலது கையிலதான் இருக்கணும்." "அப்ப ரோட்டைக் கடந்து அந்த ஓரமாத் திரும்பணும்." "திரும்ப வீட்டுக்குப் போக இன்னொரு தரம் கடக்கணும்." "ஆமா. ரெண்டு தரம்."

இசக்கியம்மாள் ரோட்டைப் பார்த்தாள். அகலமான ரோடு, வெயிலில் நடுவில் லேசாக நெளிந்தது. விழுந்ததற்குப் பிறகு அவள் ஒரு ரோட்டைக் கடந்ததே இல்லை என்று பனிமயத்துக்கு அப்போது தோன்றியது. இரண்டு பேரும் கோட்டின் மேல் நின்றார்கள். கிழக்கே ஒரு லாரி, அது போனது. மேற்கே ஒரு பஸ், பத்து மணி பஸ், அதுவும் போனது. அப்புறம் ஒரு பைக், அது போன புழுதியும் அடங்கியது. பனிமயம் காது கொடுத்துக் கேட்டாள், வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் தன் பிடியில் மெதுவாக முன்னால் நகருவது தெரிந்தது. இசக்கியம்மாள்தான் முதல் எட்டை வைத்திருந்தாள்.